காலுறை

பெரியபட்டினம் தாண்டி உவர்மண்ணில்
மீராசாவின் கொட்டகை.
நூற்றிருபது அடி, மூவாயிரம் கோழி.
பூட்ஸுக்கு மேலே
வெள்ளைப் பருத்தி உறை மாட்டிக்கொள்கிறேன்.
சோதனை என்பது
இவ்வளவுதான்:
நடக்க வேண்டும்.

கடலைத் தோலும் எச்சமும் ஊறிய மெத்தையில்
மேற்கிலிருந்து கிழக்கு,
பிறகு திரும்பி.
கோழிகள் விலகி வழிவிட்டு
எனக்குப் பின்னால் மறுபடி மூடிக்கொள்கின்றன,
தண்ணீர் மாதிரி.
ஒன்றுக்கும் தும்மல் இல்லை.
ஒன்றும் கழுத்தைத் தொங்கப்போடவில்லை.
"சளிகூடப் புடிக்கலம்மா, எதத் தேடுறீங்க?"
எது அவற்றை ஒன்றும் செய்யாமல் இருக்கிறதோ
அதைத்தான், பாய்.

மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் வாங்கிப்
பெட்டியில் நிரப்பி
ராமநாதபுரம் பஸ்ஸில் மடியில் வைத்தேன்.
"மீனா?" என்றார் கண்டக்டர்.
"இல்லை, நடை."
அவர் சிரிக்கவில்லை. லக்கேஜ் போட்டார்.

முதல் நாள் முப்பத்தேழு டிகிரி.
அது நம் சூடு.
பட்டினி கிடந்ததைத் தேற்றிவிடும் கஞ்சித் தெளிவு.
இரவு இரண்டுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
அலமாரிக் கதவைத் திறக்காமல்
அணைத்தபடி நின்றேன்.
இரண்டாம் நாள் நாற்பத்திரண்டை ஒட்டி.
அது கோழியின் சூடு.
மற்றதெல்லாம் அங்கே சோர்ந்துவிடும்,
இது ஊர் திரும்பியது போல் பெருகும்.
மூன்றாம் நாள் சிவந்த தட்டில் கோடிழுத்தேன்.

நான்காம் நாள் காலை
தட்டு என்னைப் பார்த்தது.
நடுவில் கறுத்த புள்ளிகள்,
சாளைமீன் கண்ணளவுகூட இல்லை.
கந்தகமும் இரும்பும் சந்தித்த கறுப்பு.
சால்மோனெல்லா.

"ஞாயித்துக்கெழம நிக்காஹ்.
எரநூறு கோழிக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன்.
கொதிச்சாச் செத்துரும்ல?"
கொதித்தால் செத்துவிடும்.
ஆனால் கறி அரிந்த கத்தியை
யார் கொதிக்க வைக்கப்போகிறார்கள்?
பச்சடி வெங்காயம்
அதே பலகையில்தானே.
போனில் வெகுநேரம்
காற்று மட்டும் பேசியது.

எங்கிருந்து வந்தது?
குஞ்சு வந்த அட்டைப்பெட்டி: கிடைக்கவில்லை.
ஆழ்குழாய்த் தண்ணீர்: உப்பு உண்டு, இது கிடைக்கவில்லை.
தீவன மூட்டையில்
காரப்பொடி அரைத்த மீன்தூள்
முதல் தட்டிலேயே கறுத்துவிட்டது.

முத்துப்பேட்டைக் கரையில்
அந்தோணியடிமை மீன் காயப்போடும் மணல்.
வெள்ளியைச் சில்லறையாய் இறைத்தது போல் காரல்.
நடுவே கடற்காகங்கள்
கணக்கெடுக்க வந்தவை போல் குறுக்கும் நெடுக்கும்.
ஓர் ஆடு. இரண்டு நாய்.
நான் போவதற்கு முன்பே
எல்லோரும் நடந்து முடித்திருந்தார்கள்
காலுறை இல்லாமல்.

"மணலச் சோதிச்சு என்ன பண்ணப் போறீங்க,
கடலையுமா கழுவுவீங்க?"
கடல் வேண்டாம்.
தரையிலிருந்து இடுப்புயரம் கம்பு நட்டு
மேலே பழைய வலை,
அதற்கும் மேலே இன்னொரு வலை.
சொன்னேன். தலையாட்டினார்.
அந்தத் தலையாட்டலைப் பெருக்கிப் பார்க்க
என்னிடம் தட்டு இல்லை.

மீராசா நிக்காஹ் வீட்டுக்கு
அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.
என்னோடு பேசவில்லை.
கொட்டகை காலியாகிச்
சுண்ணாம்பு பூசிக்கொண்டு
மூன்று வாரம் வாய் திறந்து கிடந்தது.

இன்று புதுக் குஞ்சுகள்,
முப்பதாம் நாள்.
புது உறை, அதே நடை.
பஸ்ஸில் பெட்டி மடியில் கசிகிறது.
நான்கு நாள் கழித்து
எப்படியும் ஒரு படிவம் நிரப்புவேன்.
அதில் 'இல்லை' என்றொரு கட்டம் கிடையாது.
'கிடைத்தது', 'கிடைக்கவில்லை'
இரண்டுதான்.

உச்சிப்புளி வெயிலில் எங்கோ
ஒரு வலைக்கு மேல்
கடற்காகம் இறங்கப் பார்க்கிறது.